ஆகாயத்தில் விரித்த வலை

உங்கள் வீட்டில் உறி இருக்கிறதா? 'ஃப்ரிஜ்' வந்த பிறகு உறி ஏது என்று சிரிக்காதீர்கள். பாட்டி வீட்டிலாவது பார்த்திருப்பீர்கள். உத்தரத்திலிருந்து தொங்கும். வெறுமே தொங்கும்போது அதற்கு உருவமே கிடையாது; நாலு கயிறு, சில முடிச்சு, அவ்வளவுதான். அதற்குள் தயிர்ப் பானையை வைத்துவிட்டால் போதும், பானையின் வயிறு எப்படியோ அப்படியே கயிறும் வளைந்து ஓர் அழகான வடிவம் எடுத்துக்கொள்ளும். சரி, பானையை வெளியே எடுத்த பிறகும் அந்த வடிவம் அப்படியே அந்தரத்தில் நின்றால் எப்படி இருக்கும்?

ஓர் அமெரிக்க மாது ஏறக்குறைய இந்தக் காரியத்தைத்தான் செய்துவருகிறார். ஆனால் அவர் உறியில் வைத்து எடுத்தது தயிர்ப் பானை அல்ல. பசிபிக் மகா சமுத்திரம்!

அந்த மாதின் பெயர் ஜேனட் எஷல்மன். உலகத்தின் பெரிய பெரிய நகரங்களில், நாற்சந்திகளுக்கு மேலே, மாடிக் கட்டடங்களின் நடுவே, ஆகாயத்தில் வர்ண வலைகளைக் கட்டித் தொங்கவிடுகிறவர். பகலில் மேகம்போல மிதக்கும். இரவில் விளக்குப் போட்டால் ஜொலிக்கும். காற்று வந்தால் அலை அலையாகப் புரளும். சிற்பம் என்றால் கல், உலோகம், அசையாத மௌனம் என்றே நினைத்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் விசித்திரம்தான். இதைவிட விசித்திரம், இந்தக் கலை பிறந்த இடம் நியூயார்க்கும் அல்ல, பாரிஸும் அல்ல. நம்முடைய மாமல்லபுரம்.

அந்தக் கதையை அவரே மேடைகளில் சொல்லியிருக்கிறார். ஃப்ளாரிடா மாகாணத்து டாம்ப்பா நகரில் 1966-ல் பிறந்தவர். ஹார்வர்டு சர்வகலாசாலையில் படித்தார். ஓவியக் கல்லூரியில் சேர ஆசைப்பட்டு ஏழு கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போட்டார். ஏழும் 'இடமில்லை' என்று சொல்லிவிட்டன! பெண்ணுக்கு ஏழு வரன் தட்டிப்போனால் வீட்டில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இந்தப் பெண் மூலையில் உட்காரவில்லை. கல்லூரி இல்லாவிட்டால் போகிறது என்று தானே பத்து வருஷம் சித்திரம் எழுதிப் பழகினார். பிறகு ஃபுல்பிரைட் உதவித்தொகை கிடைத்து, 1997-ல் இந்தியாவுக்கு வந்தார். இங்கே சித்திரக் கண்காட்சிகள் நடத்துவதாக ஏற்பாடு. வர்ணங்களை எல்லாம் முன்கூட்டியே அனுப்பிவிட்டு, மாமல்லபுரம் வந்து சேர்ந்தார்.

கண்காட்சித் தேதி வந்தது. வர்ணம் வரவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் சமையல் சாமான் வராத வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கையைப் பிசைந்துகொண்டு நின்றால் ஆகுமா? மாமல்லபுரத்தில் எங்கே திரும்பினாலும் சிற்பிகள். சரி, நாமும் சிற்பம் செய்வோம் என்று வெண்கல வார்ப்பில் இறங்கினார். சின்னதாகச் செய்யலாம், பெரிதாகச் செய்ய நினைத்தால் கனம் தாங்காது, செலவும் கட்டாது. மனம் சோர்ந்து ஒரு நாள் கடற்கரையில் நடந்தபோது, மீனவர்கள் வலைகளை மணலில் குவித்துக்கொண்டிருந்தார்கள். தினமும் பார்க்கிற காட்சிதான். அன்றைக்கு மட்டும் வேறு விதமாகக் கண்ணில் பட்டது. இவ்வளவு பெரிய குவியல், ஆனால் கனமே இல்லையே! கல்லும் வேண்டாம், வெண்கலமும் வேண்டாம்; கயிற்றைக்கொண்டே பெரிய உருவம் சமைக்கலாமே!

அந்த மீனவர்களையே கூட்டாளிகளாக வைத்துக்கொண்டு முதல் வலைச் சிற்பத்தைக் கட்டினார். அதற்கு அவர் வைத்த பெயர், தமிழில் சொன்னால், 'அகன்ற இடுப்பு'. அது தம்முடைய சுய உருவமாம்! (தம் இடுப்பைப் பற்றி இவ்வளவு தைரியமாகப் பேசுகிற பெண்ணை நான் இதுவரை சந்தித்ததில்லை.) புகைப்படம் எடுப்பதற்காக அதைக் கம்பங்களில் ஏற்றிக் கட்டினார்கள். ஏற்றியதுதான் தாமதம், கடற்காற்று அதற்குள் புகுந்துகொண்டது. ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு வடிவம். சிற்பம் செய்தவரே மயங்கி நின்றுவிட்டார்.

அதன் பிறகு லித்துவேனியா தேசத்துக்குப் போய் லேஸ் பின்னும் பெண்களிடம் வேலை கற்றுக்கொண்டார். மறுபடி இந்தியாவுக்கு வந்து, அதே மீனவர்களுடன் உட்கார்ந்து, 15 லட்சம் முடிச்சுகள் கொண்ட ஒரு வலையைக் கையாலேயே கட்டினார். அது ஸ்பெயினின் தலைநகரான மாட்ரிட்டில் கொஞ்ச நாள் தொங்கியது. அங்கே அதைப் பார்த்தவர்களில் ஒருவர், போர்ச்சுகல் தேசத்தின் போர்ட்டோ நகரக் கடற்கரையைப் புதுப்பித்துக்கொண்டிருந்த மனுவேல் தெ சோலா-மொரேல்ஸ் என்ற நகரமைப்பு நிபுணர். "இதையே அந்த ஊரில் நிரந்தரமாக நிறுத்த முடியுமா?" என்று கேட்டார்.

கேட்பது சுலபம். கடலோரத்தில் உப்பும் வெயிலும் நூலைத் தின்றுவிடும் என்பது மாடியில் துணி உலர்த்தும் எந்தப் பெண்ணுக்கும் தெரியும். தாங்கக்கூடிய நூலைத் தேடுவதற்கே இரண்டு வருஷம் ஆயிற்று. புயலில் கையால் போட்ட முடிச்சு நிற்காது என்பதால் மீன்வலைத் தொழிற்சாலைக்குப் போய், அந்த இயந்திரங்களைக்கொண்டே லேஸ் பின்னுவதற்கு வழி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. வலைக்குள் காற்று எப்படிப் புகும், எப்படி வெளியேறும் என்று கணக்குப் போட இன்ஜினீயர்களிடமே உபாயம் இல்லை. கடைசியில் பந்தயப் படகுகளுக்குப் பாய் அமைக்கும் பீட்டர் ஹெப்பல் என்பவர் கைகொடுத்தார். ஏறத்தாழ 20 டன் எடையுள்ள எஃகு வளையத்தைக் கம்பங்களின் மேலே உயர்த்தி, அதிலிருந்து 50,000 சதுர அடி வலையைத் தொங்கவிட்டார்கள். 'அவள் மாறுகிறாள்' என்று அதற்குப் பெயர். 2005-ல் வேலை முடிந்தது. அதற்கு மூன்று வருஷமும் இரண்டு குழந்தைகளும் ஆயின என்று எஷல்மன் வேடிக்கையாகச் சொல்கிறார். நடுவில் இரண்டு பிரசவம்! ஊர் ஜனங்கள் அந்த நீளப் பெயரை ஒதுக்கிவிட்டு, கடலில் பூப்போல விரிந்திருக்கும் ஒரு ஜந்துவின் பெயரால், 'அனெமொனா' என்று செல்லமாக அழைக்கிறார்கள்.

இதுவரை வந்தது காற்றின் கதை. இனிமேல்தான் கடல் வருகிறது.

2010 பிப்ரவரி 27-ந் தேதி தென் அமெரிக்காவின் சிலி தேசத்தில் 8.8 அளவில் பயங்கர பூகம்பம். அதிலிருந்து கிளம்பிய சுனாமி பசிபிக் சமுத்திரம் முழுவதையும் கடந்து, ஏறக்குறைய ஒரு நாள் கழித்து ஜப்பான் கரையைத் தொட்டது. அதே சமயத்தில் அமெரிக்காவின் டென்வர் நகரத்தார், அந்தக் கண்டத்து 35 தேசங்களும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதைக் காட்ட ஒரு சிற்பம் வேண்டும் என்று எஷல்மனிடம் கேட்டிருந்தார்கள். தேசங்களைப் பிணைப்பது எது என்று யோசித்துக்கொண்டிருந்தவருக்கு அந்த அலை கண்ணில் பட்டது. எல்லைக்கோடு பார்க்காமல் எல்லாத் தேசத்துக் கரையையும் தொட்ட அலை அல்லவா? உடனே அமெரிக்க அரசாங்கத்தின் சமுத்திர, வளிமண்டல ஆராய்ச்சி நிலையத்துக்கு எழுதி, அலையின் கணக்குகளைக் கேட்டு வாங்கினார். சமுத்திரத்தில் எந்த இடத்தில் நீர் எவ்வளவு உயர்ந்தது, எவ்வளவு தாழ்ந்தது என்ற எண்கள். அந்த எண்களையே மேடாகவும் பள்ளமாகவும் வைத்து வலையின் உருவத்தை அமைத்தார். அந்தச் சிற்பத்துக்குப் பெயர் என்ன தெரியுமா? '1.26'. ஆமாம், வெறும் எண்தான்.

அந்த எண்ணில் ஓர் ஆச்சரியம் இருக்கிறது. பரதம் ஆடும் பெண் கைகளை விரித்துக்கொண்டு சுழல்கிறாள் என்று வையுங்கள். சட்டென்று கைகளை மார்போடு சேர்த்துக்கொண்டால் சுழலும் வேகம் கூடும். பூகம்பத்தின்போது பூமியின் பாறைப் பாளங்கள் இடம்பெயர்ந்து, பூமி தன் பாரத்தை ஒரு துளி உள்ளே இழுத்துக்கொண்டது. அதனால் கொஞ்சம் வேகமாகச் சுழன்றது. நம்முடைய நாளும் குறுகிவிட்டது! எவ்வளவு? ஒரு விநாடியைப் பத்து லட்சம் கூறாக்கினால், அதில் 1.26 கூறு. நாஸா விஞ்ஞானிகள் போட்ட கணக்கு இது. சமையலுக்கு நேரம் போதவில்லை என்று இனிமேல் சிலி பூகம்பத்தின் மேல் பழி போடலாம்!

இந்த உருவம் எஃகு வளையத்துக்கு அடங்காது. ஆகவே வளையத்தையே எடுத்துவிட்டு, எடைக்கு எடை எஃகைவிட 15 மடங்கு வலுவான நூலால் சட்டத்தைப் பின்னினார்கள். இரும்பு என்பதே இல்லாத முழுச் சிற்பம். சுருட்டி எடுத்துப் போகலாம். இருக்கிற கட்டடங்களிலேயே கட்டலாம். சிட்னி, ஆம்ஸ்டர்டாம், சிங்கப்பூர் என்று அது ஊர் ஊராகப் பிரயாணம் செய்தது. ஆம்ஸ்டர்டாமில் ஆம்ஸ்டல் நதியின் மேலே விரித்தார்கள். கீழே ஓடும் நீரில் மேலே நிற்கும் நீரின் நிழல்!

பிறகு 2011 மார்ச் 11-ல் ஜப்பானில் வந்த சுனாமியை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. அந்த அலையின் கணக்கிலிருந்து பிறந்தது '1.8'. அன்று நாள் குறுகிய அளவு அது. 2016 ஜனவரியில் லண்டனில், சதா மோட்டார்கள் பாயும் ஆக்ஸ்போர்டு சர்க்கஸ் சந்திக்கு மேலே அதைக் கட்டினார்கள். அதற்கு முன்பே, 2015 நவம்பரில், வாஷிங்டன் ரென்விக் கலைக்கூடத்தில் ஒரு '1.8' தொங்கியது. அங்கே தரையில் விசேஷமான கம்பளம் விரித்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் அதில் மல்லாந்து படுத்துக்கொண்டு, கூரையில் நிறம் மாறி மாறி மிதக்கும் அலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பீனிக்ஸ் நகரத்து வலைச் சிற்பம் ஒன்றைப் பற்றியும் எஷல்மன் ஒரு கதை சொல்வார். கலைக்கூடத்தின் வாசலையே மிதிக்காத ஒரு பெண் வக்கீல், தம்முடைய ஆபீஸ்காரர்களை எல்லாம் இழுத்துக்கொண்டு வந்து, கோட்டும் சூட்டுமாகப் புல்லில் படுக்கவைத்து மேலே பார்க்கச் சொன்னாராம்!

இதே மாதிரி கடலின் எண்களை நம்பிச் சிற்பம் செய்கிறவர் இன்னொருவரும் இருக்கிறார்: டேவிட் போவன் என்ற அமெரிக்கர். பசிபிக்கின் வடக்குக் கோடியில் தன்னந்தனியாக ஒரு மிதவை கிடக்கிறது. அலையில் ஏறி இறங்கி, ஏற்ற இறக்கத்தை உடனுக்குடன் செய்தியாக அனுப்புகிறது. போவன் ஓர் அறையின் கூரையில் மோட்டார்களைப் பொருத்தி, அவற்றிலிருந்து கயிறு விட்டு, கட்டம் கட்டமான ஒரு சட்டத்தைத் தொங்கவிட்டிருக்கிறார். 2011-ல் செய்தது. அங்கே கடலில் மிதவை ஏறினால் இங்கே சட்டம் ஏறுகிறது; அங்கே கடல் கொந்தளித்தால் இங்கே அறை முழுவதும் கொந்தளிக்கிறது. பொம்மலாட்டம்தான், ஆனால் நூலை ஆட்டுவது ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருக்கும் சமுத்திரம்! படச்சுருளில்தான் பார்த்தேன். கெட்டிக்கார வேலை, சந்தேகமில்லை. ஆனாலும் என் மனம் வலையிடமே திரும்பி வந்தது. போவனின் கடல் யாருமில்லாத கடல். எஷல்மனின் கடலில் மனிதர்கள் செத்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு நெருடல். பல்லாயிரம் பேரைக் கொண்டுபோன அலையை வர்ண விளக்குப் போட்டு அழகு பார்க்கலாமா? அதுவும் எந்தக் கரையில் இவர் வலை கட்டக் கற்றாரோ, அந்தக் கரையையே 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை சுனாமி வந்து அறைந்ததே! தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 உயிர்கள். சிலிக்கும் ஜப்பானுக்கும் போட்ட அதே கணக்கை அன்றைய சுமத்ரா பூகம்பத்துக்குப் போட்டால் நாள் குறுகிய அளவு 6.8 என்று வருகிறது. மூன்றிலும் பெரிய எண் நம்முடையதுதான்.

இன்னொரு விஷயமும் உறுத்துகிறது. பசிபிக்கில் நடுச்சமுத்திரத்தின் அடியில் கருவிகள் வைத்திருக்கிறார்கள். ஆழ்கடலில் சுனாமியின் உயரம் ஒரு மீட்டர்கூட இராது. மணிக்கு 700, 800 கிலோமீட்டர் வேகத்தில் காலடியில் ஓடினாலும் கப்பலில் இருப்பவர்களுக்குத் தெரியாது. தலைக்கு மேலே நீரின் பாரம் இம்மி கூடினாலும் அந்தக் கருவி கண்டுபிடித்து, மேலே மிதக்கும் மிதவைக்குச் சொல்லும். மிதவை செயற்கைக் கோளுக்குச் சொல்லும். அங்கிருந்து கரைக்கு எச்சரிக்கை வரும். எஷல்மன் கேட்டு வாங்கிய எண்கள் சும்மா காகிதத்தில் கிடந்தவை அல்ல. உயிரைக் காப்பதற்காக எடுக்கும் எண்கள். 2004-ல் நம்முடைய இந்து மகா சமுத்திரத்தில் அப்படிப்பட்ட கருவி வரிசை இல்லை. பூகம்பம் காலை ஆறரை மணி சுமாருக்கு. அலை நம் கரைக்கு வந்தபோது ஒன்பது மணியை நெருங்கிக்கொண்டிருந்தது. நடுவில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் இருந்தது! கடற்கரையில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். நம்முடைய தேசத்துக்கென்று சுனாமி எச்சரிக்கை நிலையம் ஹைதராபாத்தில் வந்தது 2007-ல்.

சென்ற மாதம் மாமல்லபுரம் போயிருந்தேன். கடற்கரைக் கோயிலுக்கு அப்பால், குப்பத்து ஓரமாக, ஒரு பெரியவர் கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துக்கொண்டு கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். கைப்பேசியில் ரென்விக் கலைக்கூடத்துப் படத்தை எடுத்துக் காட்டினேன்.

ஆயா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "ஏம்மா, இதுல எந்த மீனு வுழும்?"

"மீன் பிடிக்க இல்லை ஆயா. பார்க்கிறதுக்கு."

"படுத்துக்கினா பாக்கறாங்க?"

"ஆமாம். இது அலை. ஜப்பானில் சுனாமி வந்ததே, அந்த அலை எப்படி இருந்ததோ அதே கணக்கில் கட்டியிருக்கிறார்கள்."

ஆயா உடனே பதில் சொல்லவில்லை. படத்தில் வலை செக்கச் செவேலென்று, ஓரத்தில் ஊதாவாக, மிருதுவாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"எங்களுக்கு வந்தது கறுப்பா இருந்துச்சும்மா" என்றாள். "கன்னங்கரேல்னு. சேறும் மரமும் பானை சட்டியும் எல்லாத்தையும் சுருட்டிக்கினு வந்துச்சு." பிறகு கருவாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எனக்கு ஏண்டா காட்டினோம் என்று ஆகிவிட்டது. கைப்பேசியைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். பெரியவர் தரவில்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விரலால் படத்தைப் பெரிதாக்கி, அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது மெஷின் வலைம்மா" என்றார் கடைசியில். "ஆனா இந்த ஓரம் பாரு, இது கைக்கட்டு. கண்ணு இங்கே பெருசு, இங்கே சின்னது. அதனாலதான் வளைஞ்சு நிக்குது. தெரிஞ்சவங்கதான் பண்ணியிருக்காங்க."

அந்த அம்மாள் இந்தக் கரையில்தான் கற்றுக்கொண்டார் என்று சொன்னேன். மாட்ரிட்டுக்குப் போன வலையைப் பற்றியும் சொன்னேன். பதினைந்து லட்சம் முடிச்சு, இந்தப் பக்கத்து மீனவர்களும் உட்கார்ந்து கையால் போட்டது.

"பதினஞ்சு லட்சமா?" பெரியவர் வலை ஊசியை நிறுத்தினார். உதடு அசைந்தது. "ஒரு ஆளு காலையிலேருந்து பொழுது சாயுற வரைக்கும் குந்துனா ஒரு மூவாயிரம் போடலாம். அப்போ ஐந்நூறு நாளு. பத்துப் பேர் குந்துனா அம்பது நாளு."

"இவரு குந்துனா ஆயிரம் நாளு" என்றாள் ஆயா, திரும்பாமலே.

பெரியவர் சிரித்துக்கொண்டே கைப்பேசியைக் கொடுத்தார். கட்டைவிரலில் வலையை இறுக்கி மாட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து அடுத்த முடிச்சைப் போட ஆரம்பித்தார்.